லிப்போசக்ஷன்: டாக்டரைத் தேடுவது முதல் ஆறாவது வாரம் வரை, டெல்டாக்காரர்களுக்கு

ஆபரேஷன் தியேட்டரில் இரண்டு மூன்று மணி நேரம். அதன்பிறகு ஆறு வாரம் உங்கள் வீட்டில். தோலடிக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லிப்போசக்ஷன் என்றால் இந்த இரண்டும் சேர்ந்ததுதான். சிக்கல் வந்தால் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தலைகாட்டும். ஆனால் டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள் எத்தனை லிட்டர் எடுப்பீர்கள், என்ன மெஷின், எவ்வளவு செலவு என்று தியேட்டரோடு முடிகிற கேள்விகளையே கேட்கிறார்கள். வேதாரண்யத்திலோ கொள்ளிடத்திலோ இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: நாலாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்குக் காய்ச்சல் அடித்தால் யாரைக் கூப்பிடுவது, அவர் எத்தனை மணி நேரத்துக்குள் என்னைப் பார்ப்பார்? இதற்குத் தெளிவான பதில் கிடைக்கிற இடத்தில்தான் உடம்பை ஒப்படைக்க வேண்டும்.

இது உங்களுக்கு ஆகுமா?

லிப்போசக்ஷன் எடை குறைக்கும் வைத்தியம் கிடையாது. தோலுக்கும் தசைக்கும் நடுவில் இருக்கும் கொழுப்பை மட்டும் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பார்கள். குடலைச் சுற்றி உள்ளே படிந்திருக்கும் கொழுப்பை எந்தக் குழாயும் எடுக்காது, எடுக்கவும் கூடாது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மல்லாந்து படுத்து வயிற்றைக் கையால் கிள்ளிப் பிடியுங்கள். கை நிறையச் சதை வந்தால் அது தோலடிக் கொழுப்பு. வயிறு பானை மாதிரி விறைப்பாக நின்று, விரலுக்குக் கொஞ்சம்தான் அகப்படுகிறது என்றால் கொழுப்பு உள்ளே இருக்கிறது. அதற்கு நடையும் சாப்பாடும்தான் வழி.

பிள்ளை பெற்ற பிறகு தோல் தொங்கி, வயிற்றுத் தசை நடுவில் விலகியிருந்தாலும் இது பயன்படாது. கொழுப்பை எடுத்தால் தொங்கல் இன்னும் கூடும். அதற்குச் செய்வது வேறு ஆபரேஷன், டம்மி டக் என்பார்கள். இளைஞர்கள் மார்பு வீக்கத்துக்காகச் செய்துகொள்ளும்போதும் பல சமயம் கொழுப்போடு சுரப்பித் திசுவையும் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். லிப்போ மட்டும் போதும் என்று பார்க்காமலே சொல்பவரிடம் யோசித்துப் போங்கள்.

உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, பி.எம்.ஐ.) 30-க்குக் கீழே, ஆறு மாதமாக எடை ஏறாமல் இறங்காமல், கிள்ளினால் தோல் பழைய இடத்துக்கே ஓடும் பருவம். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் நல்ல பலன் கிடைக்கிறது. ஒரு லிட்டர் கொழுப்பு ஒரு கிலோவுக்கும் குறைவு. மூன்று லிட்டர் எடுத்தாலும் தராசில் மூன்று கிலோகூடக் குறையாது. சட்டையும் ரவிக்கையும்தான் வித்தியாசத்தைக் காட்டும்.

டாக்டரைத் தேடுவது

‘காஸ்மெட்டிக் சர்ஜன்’ என்பது ஒரு பட்டத்தின் பெயர் இல்லை. போர்டில் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டிய பட்டம் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி, அல்லது அதே துறையில் டி.என்.பி. அல்லது டாக்டர்.என்.பி. வழக்கமான பாதை இது: எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருடம், எம்.எஸ். பொது அறுவை மூன்று வருடம், அதற்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரி மூன்று வருடம். தோல் மருத்துவர்களில் முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் சிறிய இடங்களில் செய்கிறார்கள். தாடைக்குக் கீழே போன்ற இடங்களுக்கு அது ஒப்புக்கொள்ளத்தக்கதுதான். வயிறு, தொடை, முதுகு என்று பெரிய பரப்பு என்றால் பிளாஸ்டிக் சர்ஜனிடமே போங்கள். ‘டிப்ளமோ இன் காஸ்மெட்டாலஜி’, ‘ஃபெல்லோஷிப் இன் அஸ்தெட்டிக் மெடிசின்’ என்று பெயருக்குப் பின்னால் எத்தனை வரி நீண்டாலும் அவை அறுவைப் பட்டங்கள் இல்லை. பியூட்டி பார்லரில் கொழுப்புக் கரைக்கும் ஊசி போடுகிறோம் என்றால் அந்தப் படியே ஏற வேண்டாம்.

பட்டத்தைச் சரிபார்க்க யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. டாக்டரின் சீட்டில் பதிவு எண் இருக்கும். இருந்தே ஆக வேண்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயரும் பதிவு செய்த பட்டங்களும் வரும். எம்.பி.பி.எஸ். மட்டும் வருகிறது, மேற்படிப்பு வரவில்லை என்றால் அவரிடமே கேளுங்கள். படித்தவர் கோபப்பட மாட்டார். வேறு மாநிலத்தில் பதிவு செய்தவரை தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் தேடலாம். இந்தியப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள் சங்கத்தில் உறுப்பினரா என்பதும் ஒரு கூடுதல் அடையாளம்.

அடுத்தது கட்டடம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கிளினிக்கும் மருத்துவமனையும் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படிப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் வரவேற்பறைச் சுவரில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மாவட்டத்தில் இதைப் பார்ப்பவர் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர். சந்தேகம் இருந்தால் அந்த அலுவலகத்தில் கேட்கலாம். 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போன 21 வயதுக் கன்னடத் தொலைக்காட்சி நடிகை ஒருவர் அன்றே உயிரிழந்தார். நோயில்லாத இளம் உடம்புக்கும் இதில் ஆபத்து உண்டு. அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவும் ரத்த வங்கித் தொடர்பும் உள்ள மருத்துவமனை வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறோம்.

டெல்டாவுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: வாரம் ஒருநாள் வந்து போகும் டாக்டர். ஞாயிறு காலை வருவார், நாலு கேஸ் செய்வார், ராத்திரி வண்டியில் ஊருக்குத் திரும்பிவிடுவார். அவர் கைத்தேர்ந்தவராகவே இருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை உங்கள் கட்டைப் பிரித்துப் பார்ப்பது யார்? புதன்கிழமை நீர் கோத்துக்கொண்டால் ஊசி போட்டு எடுப்பது யார்? “இங்கே டியூட்டி டாக்டர் இருக்காருங்க” என்ற பதில் போதாது. டியூட்டி டாக்டரின் பெயர், பட்டம், லிப்போசக்ஷன் நோயாளியை முன்பு பார்த்திருக்கிறாரா என்பது வரை கேளுங்கள். பதில் வழுக்கினால், திருச்சியிலோ சென்னையிலோ உள்ளூரிலேயே குடியிருக்கும் டாக்டரிடம் போய், அங்கேயே ஒரு வாரம் தங்கிவிட்டு வருவது மேல். அறை வாடகை ஆகும்தான். அது வீண் செலவு ஆகாது.

முதல் சந்திப்பில் டாக்டர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைக் கவனியுங்கள். நல்லவர் உங்களை நிற்க வைத்துப் பார்ப்பார். கிள்ளிப் பார்ப்பார். படுக்க வைத்து இருமச் சொல்லித் தொப்புளைத் தொட்டுப் பார்ப்பார். அது குடலிறக்கத்துக்கான சோதனை. சிசேரியனோ குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனோ ஆன பெண்களுக்கு அந்தத் தழும்புக்குக் கீழே தசைச் சுவர் விலகி, குடல் தோலுக்கு அருகில் வந்து நிற்கலாம். பார்க்காமல் குழாயை விட்டால் குடலில் ஓட்டை விழும். லிப்போசக்ஷன் மரணங்களுக்கு இதுவும் ஒரு காரணம். பழைய தழும்பு இருந்தால் வயிற்று ஸ்கேன் எடுக்காமல் தேதி குறிக்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிறகு இவற்றைக் கேளுங்கள். மயக்க மருத்துவர் யார், ஆபரேஷன் முடியும்வரை தியேட்டரிலேயே இருப்பாரா? மொத்தம் எத்தனை லிட்டர் எடுப்பதாகத் திட்டம்? ஒரே தடவையில் ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் அது பெரிய ஆபரேஷன் கணக்கு. ராத்திரி மருத்துவமனையில் தங்கியே ஆக வேண்டும். “ஒரே நாளில் பத்து லிட்டர்” என்று பெருமையாகச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இதுவரை அவர் செய்த, உங்களைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களின் படங்கள், அதுவும் ஆறு மாதம் கழித்து எடுத்தவை இருக்கின்றனவா? மேடுபள்ளமாக ஆறினால் மறுபடி சரிசெய்ய யார் செலவு? வேசர், லேசர், பவர் என்று மெஷின் பெயர்கள் நிறைய உண்டு. அவற்றைப் பற்றி ரொம்ப மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கருவியைவிடப் பிடிக்கிற கைதான் முக்கியம்.

பணம் பற்றி ஒரே பேச்சு: எழுதி வாங்குங்கள். சர்ஜன், மயக்க மருத்துவர், தியேட்டர், படுக்கை, சோதனைகள், மருந்து, இரண்டு செட் பிரஷர் உடை (ஆபரேஷன் ஆன இடத்தை இறுக்கிப் பிடிக்கும் உடை), திரும்ப வந்து பார்ப்பது, ஜி.எஸ்.டி. என்று தனித்தனியாக. அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. “இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி” என்று சொன்னால் கட்ட வேண்டாம். பார்த்த நாளுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இருக்கட்டும்.

நாள் குறிப்பது

ஆறு வாரம் இறுக்கமான உடை போட வேண்டும், ஒரு மாதம் குளம், ஆறு, வயல் தண்ணீர் எதிலும் இறங்கக் கூடாது. இந்த இரண்டையும் மனதில் வைத்து நாள் பாருங்கள். சித்திரை, வைகாசியில் அக்னி நட்சத்திர வெயிலில் அந்த உடைக்குள் வேர்த்து, தோல் சிவந்து, ராத்திரி கரண்ட் போனால் தூக்கமே இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சைப் பகுதிகளில் பல ஊர்களுக்குச் சாலையும் மின்சாரமும் நாள்கணக்கில் இல்லை. காயத்தோடு அப்படி ஒரு ஊரில் மாட்டிக்கொள்ளக் கூடாது. சம்பா அறுவடை முடிந்து, தை கடைசியிலிருந்து மாசி வரைதான் எங்கள் பகுதிக்கு ஏற்ற காலம் என்று உறுதியாகச் சொல்லலாம். பனியும் குறைந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது, வயல் வேலையும் அழைக்காது. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும்: அந்த வருடம் கும்பகோணத்தில் மாசி மகத்துக்குக் குளத்தில் முங்க முடியாது. ஆடியில் செய்தால் பதினெட்டாம் பெருக்கு, ஐப்பசியில் செய்தால் மயிலாடுதுறைத் துலா ஸ்நானம் என்று அதே பேச்சுதான். தலையில் தீர்த்தம் தெளித்துக்கொள்ளுங்கள், போதும்.

முன்தயாரிப்பு

ஒரு மாதம் முன்பே சிகரெட், பீடி, புகையிலை, ஹான்ஸ் எல்லாம் நிறுத்த வேண்டும். ஆபரேஷனுக்குப் பின்னும் ஒரு மாதம். நிகோடின் தோலுக்குப் போகும் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ரத்தம் கிடைக்காத தோல் கறுத்து அழுகும். ஆஸ்பிரின், ஐபூப்ரோஃபென், டைக்ளோஃபினாக், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை ஆகியவை ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் பத்து நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதில் ஒரு எச்சரிக்கை: இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினைத் தாங்களாக நிறுத்தவே கூடாது, இதய டாக்டரிடம் கேட்டுத்தான் எதுவும். கருத்தடை மாத்திரையும் ஹார்மோன் மாத்திரையும் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சித்த, நாட்டு மருந்துகளையும் சொல்லுங்கள். “அது மூலிகைதானே” என்று விட்டுவிடுவது வழக்கமான தவறு.

ரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் முக்கியம். பெண்களுக்கு 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. அதை முதலில் சரிசெய்யச் சொல்லும் டாக்டர் உங்கள் நன்மையைப் பார்க்கிறார். சர்க்கரை உள்ளவர்களுக்கு மூன்று மாத சராசரி (எச்.பி.ஏ.1.சி. சோதனை) 7 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கூடவே ரத்தம் உறையும் நேரம், சிறுநீரகம், கல்லீரல், இ.சி.ஜி.

வீட்டில் இவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்: படுக்கைக்கு ரப்பர் ஷீட், பழைய வேட்டி நாலு, பெரிய அளவு உறிஞ்சும் பேடுகள் இரண்டு பாக்கெட், தெர்மாமீட்டர், வளையும் ஸ்ட்ரா, முன்பக்கம் திறக்கும் நைட்டி அல்லது தளர்ந்த லுங்கி. இந்தியக் கழிப்பறை மட்டும் உள்ள வீடு என்றால் மெடிக்கல் ஷாப்பில் கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள். முதல் பத்து நாள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து எழ முடியாது. முதல் இரண்டு ராத்திரியும் வயது வந்தவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

ஆபரேஷன் அன்று

எட்டு மணி நேரத்துக்கு முன் சாப்பாடு நிறுத்தம். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்புவரை, அதுவும் மயக்க மருத்துவர் சொன்னால். நீங்கள் நிற்கும்போதே பேனாவால் உடம்பில் கோடு போடுவார்கள். படுத்தால் கொழுப்பு சரிந்துவிடும். பிறகு உப்புநீரில் அட்ரினலினும் லிக்னோகெய்னும் கலந்து தோலடியில் ஏற்றுவார்கள். அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்கும், லிக்னோகெய்ன் மரக்கச் செய்யும். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1980-களில் கொண்டுவந்த இந்த முறையால்தான் ரத்த இழப்பு பெரிதும் குறைந்தது. ஆனால் கொழுப்பில் தேங்கிய லிக்னோகெய்ன் மெதுவாகவே ரத்தத்துக்கு வரும். 12 மணி நேரம் கழித்துத்தான் உச்சம். உடல் எடையில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் என்பது பலரும் ஏற்கும் உச்ச வரம்பு. 60 கிலோ ஆளுக்கு 2,100 மில்லிகிராம். காலையில் ஆபரேஷன் என்றால் ராத்திரி உதட்டைச் சுற்றி மதமதப்பு, காதில் இரைச்சல், வாயில் உலோக ருசி, குழறும் பேச்சு வருகிறதா என்று கூட இருப்பவர் பார்க்க வேண்டும். வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

முதல் மூன்று நாள்

வீட்டில் எல்லோரும் பயப்படுவது கசிவைப் பார்த்துத்தான். உள்ளே ஏற்றிய நீர், குழாய் நுழைத்த சின்னத் துளைகள் வழியாக 24 முதல் 48 மணி நேரம் வரை வடியும். பேடு நனைந்து, வேட்டி நனைந்து, சில சமயம் பாய்வரை ஈரமாகும். அது பீட்ரூட் கழுவிய தண்ணீர் நிறத்தில், நீர்த்து இருக்க வேண்டும். அப்படி வடிவது நல்லது. வெளியே வராமல் உள்ளே தங்கினால்தான் வீக்கம். கெட்டியான சிவப்பு ரத்தம் கட்டி கட்டியாக வந்தாலோ, மூன்று மணி நேரத்துக்கு ஒரு பேடு என்பது குறையாமல் மூன்றாம் நாளும் தொடர்ந்தாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அடுத்த ஆபத்தான நேரம் பிரஷர் உடையை முதல்தடவை கழற்றுவது. இறுக்கிப் பிடித்திருந்ததைச் சட்டென்று விட்டதும் ரத்தம் கீழே இறங்கி, தலைசுற்றிக் குளியலறையிலேயே விழுந்தவர்கள் உண்டு. ஆகவே இப்படிச் செய்யுங்கள். டாக்டர் சொன்ன நாளில், பெரும்பாலும் இரண்டாம் நாள், ஏதாவது சாப்பிட்டு ஒரு தம்ளர் உப்பு போட்ட மோரோ பழச்சாறோ குடித்து அரை மணி கழித்து ஆரம்பியுங்கள். கட்டில் ஓரத்தில் உட்காருங்கள். ஜிப்பைப் பாதிவரை இறக்கிப் பத்து நிமிடம் அப்படியே இருங்கள். கிறுகிறுப்பு இல்லை என்றால் மீதி. குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தே வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம், கதவைத் தாழ் போடாமல். வெந்நீர் வேண்டாம்.

ஆபரேஷன் அன்று சாயங்காலமே பிடித்துக்கொண்டு நாலடி நடக்க வேண்டும். பிறகு விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கு ஒருதரம் வீட்டுக்குள் ஐந்து நிமிடம். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். “ஆபரேஷன் பண்ணின உடம்பு, அசையாம கெடக்கணும்” என்று அம்மாச்சி சொல்வார். அன்பால் சொல்கிறார், ஆனால் கேட்கக் கூடாது. கெண்டைக்கால் அசையாவிட்டால் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகும். இந்த ஆபரேஷனில் உயிரைப் பறிப்பவற்றில் அதுவே முதன்மை. அதனால்தான் சென்னையில் செய்துவிட்டு மறுநாளே ஆறேழு மணி நேரம் காரில் மடங்கி உட்கார்ந்து கும்பகோணம் வருவதை ஏற்க முடியாது. ஐந்து முதல் ஏழு நாள் அங்கே தங்கி, முதல் பரிசோதனை முடித்து வாருங்கள். வரும் வழியில் மணிக்கொருதரம் இறங்கி நடங்கள். டாக்டர் ரத்தம் உறையாமலிருக்க ஊசி எழுதியிருந்தால் ஒரு வேளைகூட விடாதீர்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் பெரும்பாலும் போதும். நாளைக்கு மூன்று கிராமைத் தாண்ட வேண்டாம். சளி மாத்திரையிலும் அதே மருந்து இருக்கும் என்பது நினைவில் இருக்கட்டும். தெருமுனை கிளினிக்கில் வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது டைக்ளோஃபினாக்காக இருக்கும், கசிவைக் கூட்டும்.

பிரஷர் உடை

பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் புடவைத் துணி சுற்றிக் கட்டுவது நம் வீடுகளில் பழக்கம். அதே நினைப்பில் இதன் மேலும் துணி கட்டி இறுக்குகிறார்கள். வேண்டாம். பிரஷர் உடை எல்லா இடத்திலும் ஒரே அளவாக அழுத்த வேண்டும். துணிக்கட்டு ஒரு கோட்டில் அழுத்தும். அந்தக் கோடு ஆறும்போது பள்ளமாக நின்றுவிடும், பிறகு எடுப்பது கஷ்டம். உடையின் மடிப்பும் அதையே செய்யும். சோபாவில் சாய்ந்தோ தரையில் சம்மணம் போட்டோ உட்கார்ந்தால் மேல்விளிம்பு சுருண்டு இடுப்பில் பதியும். முதல் இரண்டு வாரம் நிமிர்ந்த நாற்காலி, இல்லையென்றால் படுக்கை. இரண்டு மணிக்கு ஒருதரம் விளிம்பை விரலால் நீவி விடுங்கள். இரண்டு விரல் சிரமப்பட்டு உள்ளே போக வேண்டும். பாதம் நீலம் பாய்ந்தாலோ மூச்சு விடக் கஷ்டமானாலோ அளவு சின்னது, மாற்றுங்கள்.

முதல் மூன்று வாரம் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுதும். அடுத்த மூன்று வாரம் பகலிலோ இரவிலோ 12 மணி நேரம். ஒவ்வொரு டாக்டர் கணக்கும் கொஞ்சம் மாறும். உங்கள் டாக்டர் சொல்வதே கணக்கு. டெல்டாவின் புழுக்கத்துக்கு இரண்டு செட் கட்டாயம் வேண்டும். ஒன்று காயும்போது ஒன்று உடம்பில். உள்ளே சுருக்கமில்லாத மெல்லிய பருத்தி பனியன் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வேர்க்குரு குறையும். துவைத்ததை நிழலில் காயப்போடுங்கள். வெயில் எலாஸ்டிக்கைக் கெடுக்கும்.

வாரம் போகப் போக

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை வீக்கம் உச்சத்தில் இருக்கும். எடை பார்த்தால் ஆபரேஷனுக்கு முன்பைவிடக் கூடியிருக்கும். இது உடம்பில் ஏறிய நீர். அந்த வாரம் தராசுப் பக்கம் போகாதீர்கள், மனசு உடைந்துபோகும். வயிற்றில் செய்தவர்களுக்கு நீரும் ரத்தமும் கீழே இறங்கி, ஆண்களுக்கு விதைப்பையும் பெண்களுக்கு மறைவிடமும் கறுத்து வீங்கும். இதை முன்கூட்டியே சொல்லாததால் கதிகலங்கிப் போகிறவர்கள் பலர். கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் வடிந்துவிடும். தோல் நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி இரண்டு வாரத்தில் தெளியும்.

இரண்டாம் வாரத்தில் தோலுக்குக் கீழே கட்டி கட்டியாக, காய்ந்த களிமண் மாதிரி கெட்டிப்படும். இது ஆறுவதன் அடையாளம். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் இளகும். மென்மையாக நீவுவது உதவும், டாக்டர் அனுமதித்த பிறகு. பேறுகாலத்து உருவல் மாதிரி எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது. தோலடியில் தண்ணீர்ப் பை போலத் தளும்பினால் அது கோத்த நீர். டாக்டர் ஊசியால் எடுத்துவிடுவார், தானாக அமுக்கி வெளியேற்ற முயலாதீர்கள்.

மரத்த இடத்தில் உணர்ச்சி திரும்ப வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதுவரை அங்கே வெந்நீர்ப் பையோ ஐஸ் கட்டியோ வைக்காதீர்கள். சுடுவதும் தெரியாது, கொப்புளம் வருவதும் தெரியாது. மஞ்சள், வேப்பிலை, சுண்ணாம்பு எதையும் துளையில் அப்பாதீர்கள்.

உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் ஐந்து முதல் ஏழு நாளில் போகலாம். இரு சக்கர வண்டி இரண்டு வாரம் கழித்து. நிறைகுடம், அரிசி மூட்டை, பிள்ளையை இடுப்பில் தூக்குவது நாலு வாரத்துக்கு வேண்டாம். நடவு, களை, மாட்டுக்கொட்டகை வேலைக்குத் துளைகள் முழுக்க மூடி ஒரு மாதம் ஆகட்டும். சேற்றுத் தண்ணீரில் இருக்கும் கிருமிக்கு மூடாத துளை ஒரு வாசல்.

சாப்பாட்டில் நம் ஊர்த் தவறு ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் மட்டும் கொடுத்துப் பத்தியம் வைப்பது. காயம் ஆறப் புரதம் வேண்டும்: தினம் இரண்டு முட்டை, விரால் அல்லது அயிரை மீன் குழம்பு, பருப்பு, பச்சைப்பயறு, தயிர். குறைக்க வேண்டியது உப்பு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் மூன்று வாரத்துக்கு ஒதுங்கட்டும். உப்பு நீரைப் பிடித்து வைக்கும், வீக்கம் வடியாது. சில வலி மாத்திரைகளால் மலம் கட்டும், முக்கினால் வயிறு நோகும். கீரையும் வாழைப்பழமும் தண்ணீரும் தாராளமாக.

காத்திருக்கக் கூடாதவை

ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டையில் வலி. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி. முதல் மூன்று நாளுக்குள் பேச்சு குழம்பி, மார்பிலும் கழுத்திலும் சிவப்புப் புள்ளிகள் (கொழுப்புத் துளி ரத்தத்தில் கலந்ததன் அறிகுறி). வயிறு பலகை போல விறைத்து வாந்தி. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. இவற்றில் ஒன்று வந்தாலும் முதலில் 108, அடுத்துத்தான் டாக்டருக்குப் போன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எது பக்கமோ அங்கே போங்கள். எந்தத் தேதியில் எந்த இடத்தில் லிப்போசக்ஷன் நடந்தது, எத்தனை லிட்டர் எடுத்தார்கள் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வெட்கப்பட்டு “சும்மா காய்ச்சல்” என்று மறைத்தால் அங்கிருக்கும் டாக்டர் வேறு திசையில் தேடுவார். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்; அதன் போட்டோ வீட்டில் இன்னொருவர் செல்போனிலும் இருக்கட்டும்.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, துர்நாற்றக் கசிவு, தோலில் கொப்புளம் அல்லது கறுப்பு, பார்த்தால் ஒன்றுமில்லை ஆனால் தாங்க முடியாத வலி என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கடைசியாகச் சொன்னது குறிப்பாக முக்கியம்: தசையுறையைத் தின்னும் கிருமித்தொற்று ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், சில மணி நேரத்தில் கைமீறும். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுப் பார்க்கும் விஷயம் இல்லை.

உருவம் தெரிவது எப்போது

ஆறாவது வாரத்தில் பெரும்பகுதி வீக்கம் போயிருக்கும். முழு உருவம் மூன்று முதல் ஆறு மாதத்தில். அதற்கு முன் கண்ணாடி பார்த்து இடப்பக்கம் பெரிது, வலப்பக்கம் சிறிது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வடிவதில்லை. மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்தும் பள்ளமோ மேடோ இருந்தால் அந்தப் படங்களோடு டாக்டரிடம் போங்கள். சரிசெய்யும் ஆபரேஷனை அதற்கு முன் செய்ய ஒப்புக்கொள்ள வேண்டாம். எடை ஐந்தாறு கிலோ ஏறினால் எடுத்த இடத்தில் கொஞ்சமும், எடுக்காத முதுகிலும் கையிலும் அதைவிடக் கூடுதலாகவும் கொழுப்பு சேரும். ஆகவே ஆறாவது வாரம் டாக்டர் சரி என்றதும் ஆற்றங்கரையிலோ தெருவிலோ தினம் முக்கால் மணி நேர நடையைத் தொடங்கிவிடுங்கள்.